நாலாவது கப்பலின் நடுக்கோடு

இன்று காலை பாண் வாங்கப் போனபோது தெருமுனையில் வானம் தெரிந்தது. இதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த இடத்தில் வானம் என்ற ஒன்றே கிடையாது. பேக்கரியின் கூரைக்கு மேலே, தேவாலயக் கோபுரத்துக்கும் மேலே, ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது. சுவர் முழுக்க அடுக்கடுக்காகப் பல்கனிகள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை மாடிவீடு என்றுதான் நினைப்பார்கள். பேக்கரிக்கார அம்மா தன் கடைக்கு வழி சொல்வதென்றால், கப்பலுக்கு நேரே வாருங்கள், இடதுகைப் பக்கம் என்பாள். அந்தக் கப்பல் நேற்றுப் பின்னேரம் கடலுக்குப் போய்விட்டது. போனதை நானே நின்று பார்த்தவன். ஆனாலும் காலையில் அந்த வெறும் வானத்தைக் கண்டதும், பல் விழுந்த இடத்தை நாக்குத் தேடுவதுபோல என் கண் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. பாணைக் கடதாசியில் சுற்றித் தந்த அம்மாவும் வெளியே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு, அடுத்ததும் நீங்கள்தானே கட்டுவீர்கள் என்று கேட்டாள். நான் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நேற்றுத்தான் ஒரு பதில் சொன்னேன். 

நான் இருப்பது பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் என்ற பெரிய ஆறு கடலோடு கலக்கும் இடத்தில். பாரிசில் இருக்கும் நம்மவர்கள், அங்கே போய் என்னடாப்பா செய்கிறாய், கறிவேப்பிலை வாங்கவும் ரயில் ஏற வேணுமே என்று பகிடி பண்ணுவார்கள். கறிவேப்பிலை இல்லைத்தான். கப்பல் இருக்கிறது. உல்லாசப் பயணக் கப்பல். உலகத்திலேயே பெரிய வகைகளில் ஒன்று. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிரான் சனம் முழுவதையும் அடுத்த ஊரான சந்திவெளிச் சனத்தையும் ஏற்றினாலும் படுக்கப் பாய் தேடத் தேவையில்லை. ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுவார்கள். அந்த வரிசைக்குக் ‘கிளாஸ்’ என்று பெயர். முதலில் பிறந்தது அக்கா, பிறகு வருவதெல்லாம் தங்கச்சிகள். இது என் கற்பனை இல்லை, வெள்ளைக்காரனும் சகோதரிக் கப்பல்கள் என்றுதான் சொல்கிறான். அந்த வீட்டில் நாலு பெண்களைப் பெற்றெடுக்க நான் கைகொடுத்திருக்கிறேன். என் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அறை தள்ளுவது. கப்பலில் பயணிகள் படுக்கும் கபின்களைக் கப்பலுக்குள்ளே கட்டுவதில்லை. அவை வேறொரு பட்டறையில் பிறக்கின்றன. கட்டில், கண்ணாடி, குளியலறை, விளக்கு, திரைச்சீலை எல்லாம் பூட்டி, பொலித்தீன் சுற்றி, பெட்டி பெட்டியாக லொறியில் வரும். கப்பலின் விலாவில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தூக்கித் தருவார்கள். நாங்கள் அடியில் சின்னச் சில்லுகளைக் கொடுத்து, இரும்பு ஒழுங்கைகளின் வழியே தள்ளிக்கொண்டுபோய், அதனதன் இடத்தில் நிறுத்துவோம். கடைசிக் கபினும் போனபின் விலாவை மூடி ஒட்டிவிடுவார்கள். இதுவரை எத்தனை ஆயிரம் படுக்கையறைகளைத் தள்ளியிருப்பேனோ தெரியாது. ஒன்றில்கூடப் படுத்ததில்லை.

முதல் நாள் அந்தக் கட்டுமானத் தொட்டியைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கால் கூசியது. கடலோரத்தைத் தோண்டி, சீமெந்தால் கட்டி, பெரிய கதவைப் போட்டுத் தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் நிற்பவனை மறுமுனையிலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதற்கு மேலே, இரண்டு கரையிலும் கால் ஊன்றிக்கொண்டு ஒரு பாரந்தூக்கி. வீடு கட்டுவதுபோலக் கீழிருந்து மேலே கட்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கப்பலைத் துண்டு துண்டாக, கொட்டகைகளுக்குள் செய்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மாடிக் கட்டடம். அதையும் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் குனிந்து ஒட்டுவது லேசு, அண்ணாந்து ஒட்டுவது கஷ்டம். குழாயும் வயரும் பூட்டியபின் அந்த மாடியை அப்படியே பிரட்டி நிமிர்த்தித் தூக்குகிறார்கள். கண்ணால் கண்டிராவிட்டால் நானும் நம்பமாட்டேன். என்னோடு வேலை செய்யும் காத்தான்குடி நசார் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தவன், லேசில் எதற்கும் அசையமாட்டான். அவனே வாயைத் திறந்தபடி நின்றான். துண்டு வானத்தில் தொங்கிக்கொண்டு வந்து, ஏற்கெனவே நிற்கும் துண்டுக்குப் பக்கத்தில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நகம் நுழையாது. அந்தப் பொருத்தத்தை விடிந்தும் விடியாத நேரத்தில்தான் அளப்பார்கள். வெயில் ஏறினால் இரும்பு நீண்டுவிடும், வெயில் பட்ட பக்கம் ஒரு கணக்கு, படாத பக்கம் ஒரு கணக்கு என்று ஆகிவிடும். இவ்வளவு பெரிய சாமான் வெயிலுக்கு வளர்கிறது என்று கேட்டபோது எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

பிறகு தொட்டிக்குள் தண்ணீர் விட்டார்கள். தேங்காய் உடைத்து, தள்ளி, தோணி சளார் என்று வாவிக்குள் விழுவதைப் பார்த்துப் பழகிய நான் ஏதோ பெரிய சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஏறியது. நெடுநேரம் கழித்துப் பக்கத்தில் நின்றவன் கீழே காட்டினான். கப்பலைத் தாங்கிய மரக்கட்டைக்கும் கப்பலின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கீறலாக வெளிச்சம். மிதக்கிறது. அத்தனை இரும்பும் மிதக்கிறது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்றைக்குத்தான் சுகந்திக்கு முதல் பொய்யைச் சொன்னேன். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. சுகந்தி என் மனைவி. கிரானில் அவள் தாய்வழி வந்த வீட்டில் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வட்டையில் அவளுக்கு வயல். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் மற்ற ஊர்க்காரருக்குப் புதிதாக இருக்கும்: வீடும் வயலும் பெண்ணுக்கு, கலியாணம் முடிந்தால் ஆண்தான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். வாவியோரம் பிறந்த நான் கிரானுக்குப் போனது அப்படித்தான். பிரான்சுக்கு வருமுன்பே நான் புலம்பெயர்ந்தவன் என்று நசாரிடம் சொல்லிச் சிரிப்பேன். கஷ்ட காலத்தில் வெளிக்கிட்டு, பலகாலம் கடதாசி இல்லாமல் அலைந்து, கடைசியில் இங்கே இருக்க அனுமதி கிடைத்தபோது அவளை வரச்சொன்னேன். வீட்டை விட்டுட்டு எப்படி வாறது, வீடு நான்தானே என்றாள். அது பிடிவாதம் இல்லை, எங்கள் பக்கத்தில் அதுதான் ஒழுங்கு. அப்போ நான் வாறன், இந்தக் கப்பல் முடியட்டும் என்று, கப்பல் மிதந்த அன்று சொன்னேன். முதல் கப்பல் முடிந்தது. பின்னாலேயே தங்கச்சி வந்து நின்றாள். அக்காவைவிட இன்னும் கொஞ்சம் நீளம், உள்ளே இன்னும் ஏதேதோ புதுசு. அதையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். மூன்றாவதும் அப்படியே. ஒருநாள் நசார் கபினைத் தள்ளிக்கொண்டே சொன்னான்.

“மச்சான், நீ கட்டுறது கப்பல் இல்ல. சாட்டு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை. ஊருக்குப் போகாமலிருக்க நான் சாக்குத் தேடுகிற உண்மையைச் சொன்னதற்குத்தான் அந்தக் கோபம் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் குழுத் தலைவன் இவான். இங்கே தலைவனைச் ‘செஃப்’ என்று கூப்பிடுவார்கள். கடலோரத்துக்காரன், கரடுமுரடான ஆள், நெஞ்சில் ஈரம் உள்ளவன். உன் மனைவி ஏன் உன் வீட்டுக்கு வருவதில்லை என்று ஒருநாள் கேட்டான். என் அரைகுறைப் பிரெஞ்சில், வீடு அவளுடையது, நான்தான் அங்கே போனேன், இப்போது இங்கே இருக்கிறேன் என்று விளக்கினேன். அவன் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டினான். நானும் அப்படித்தான், வீட்டை அவளுக்கே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்றான். அவன் மனைவியைப் பிரிந்தவன். அன்றிலிருந்து என்னையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, நல்ல நாள் பெருநாளுக்கெல்லாம் பரிதாபத்தோடு வீட்டுக்குக் கூப்பிடுவான். இல்லை இல்லை, எங்களுக்குள் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவன் தலையாட்டுவான், நம்பமாட்டான். யோசித்துப் பார்த்தால் அவன் முழுதாகப் பிழைவிட்டான் என்றும் சொல்ல முடியாது.

நாலாவது தொடங்கியபோது சுகந்தி கத்தவில்லை, அழவில்லை. இது முடிய வாங்க, இல்லாட்டி வரமாட்டன் எண்டு சொல்லுங்க, ரெண்டில எதச் சொன்னாலும் நான் என்ர வேலையப் பாப்பன் என்றாள். ரெண்டையும் சொல்லாமல் இருந்தேன். நாலாவது, வரிசையிலேயே பெரியவள். நீட்டினார்கள், எஞ்சின்களை மாற்றினார்கள், புதுவகை எரிவாயுவுக்குத் தொட்டிகள் வைத்தார்கள். இப்படி ஒரு மலையைத் தண்ணீரில் நிறுத்தினால் கவிழாதா என்று ஊரிலிருந்து கேட்காத ஆள் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்புறம்தான் விளங்கியது. எஞ்சின், எண்ணெய், தண்ணீர் என்று பாரமானதெல்லாம் அடி வயிற்றில் கிடக்கிறது. மேலே போகப் போகத் தகடு மெலிகிறது. உச்சியில் இரும்பைக்கூட விட்டுவிட்டு அலுமினியத்துக்கு மாறுகிறார்கள். நாங்கள் ஏற்றும் கபின், கதவு, கதிரை, ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் உள்ளே விடுவார்கள். தோணியில் மூட்டை அடுக்குகிறவன் பார்க்கிற அதே காரியம்தான், இவர்கள் ஆணி வரைக்கும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தும் கடைசியில் கணக்கை நம்பிக் கடலுக்கு விடமாட்டார்கள். கப்பலை வேண்டுமென்றே கொஞ்சம் சரித்துப் பார்ப்பார்கள். தங்கச்சி அக்காவைப்போலவே இருந்தால் நிறையை மட்டும் பார்த்துவிட்டு விடலாம். இவள் வேறு மாதிரி வளர்ந்துவிட்டாள், அதனால் இவளைச் சரித்தே ஆகவேண்டும்.

காற்றில்லாத ஒரு காலையில் அதைச் செய்தார்கள். தேவையில்லாதவர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். கரையில் கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தினார்கள். உள்ளே ஆடக்கூடிய சாமான் ஒன்றும் இல்லை. கதவுகளைக் கவனிக்கச் சிலர் மட்டும் நின்றோம். இவான் என்னைத் தெரிந்தெடுத்திருந்தான், ஆடாமல் அசையாமல் நிற்கிற ஆள் என்று. ஒவ்வொருவருக்கும் நிற்கும் இடம் கப்பலின் நடுக்கோட்டில், தரையில் ஒட்டுநாடாவால் ஒரு சிலுவைக் குறி. என் இடம் ஒரு படிக்கட்டுக் கிடங்கின் அடியில். அங்கே மேலிருந்து ஒரு நீண்ட கம்பி தொங்கியது, நுனியில் ஒரு குண்டு, குண்டு ஆடாமலிருக்க எண்ணெய் நிறைந்த தொட்டி, பக்கத்தில் அளவுகோல். அதை வாசிக்க கிளேர் என்ற பொறியியலாளர்ப் பிள்ளை குனிந்து நின்றாள். உச்சித் தட்டில் இரும்புப் பாளங்களை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்த்துவார்கள். கப்பல் இம்மியளவு சரியும். கம்பி சரியாது. கம்பிக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, இந்த மலை புயலில் நிமிர்ந்து வருமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கம்பியும் ஒரு குண்டும்! கோடிக்கணக்கான கணக்குப் போடும் கம்பியூட்டர்கள் இருக்கிற இடத்தில், கடைசி வார்த்தை ஒரு தூக்குக்குண்டின் கையில் இருப்பதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மேலே பாளம் நகர்ந்தது. கம்பி அசையுமுன் என் காலுக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் போகிறாள். அவ்வளவுதான், என் உடம்பு என்னைக் கேட்காமல் வலப்பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டது.

இது ஏன் என்று வாவிக்கரைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும். வட்டைக்குப் போக வேண்டுமானால் தோணிதான். கலியாணம் முடிந்த புதிதில் நானும் சுகந்தியும் விதைநெல் மூட்டையோடு அப்படிப் போவோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புதுப் பொண்டாட்டி, வெட்கம், ஒருவரோடொருவர் சரியாகக் கதைத்ததுகூட இல்லை. ஆனால் நான் குனிந்து தண்ணீர் இறைத்தால் அவள் மற்றப் பக்கம் அரையடி நகர்ந்து குந்துவாள். அவள் மூட்டையை இழுத்தால் நான் நகர்வேன். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தோணி சரிந்தால் மற்றப் பக்கம் போவதற்கு யோசனை எதற்கு? எங்கள் தாம்பத்தியம் அந்தத் தோணியில்தான் தொடங்கியது என்று நான் நினைப்பதுண்டு.

கிளேர் என் காலைப் பார்த்துவிட்டாள். “பூஜே பா!” என்றாள், அசையாதே என்று. வானொலியில் ஏதோ சொன்னாள், அந்த வாசிப்பை விட்டுவிட்டார்கள். பாளத்தைத் திருப்பிக் கொண்டுபோய் மறுபடி நகர்த்தினார்கள். கப்பல் விழுகிறது, அதனால் போனேன் என்று எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தாள் போலும். நல்ல பிள்ளை, என் கையைத் தொட்டு, பயப்படாதே, இந்தக் கப்பல் விழாது என்று மெல்ல மெல்லச் சொன்னாள். நான் பயந்து நகரவில்லை, என் பங்கைச் செய்தேன் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு காணாது. அன்று எல்லாம் முடிந்து கோப்பி குடிக்கும்போது இவானை வைத்துக்கொண்டு தோணிக் கதையைச் சொன்னேன். இவான் விழுந்து விழுந்து சிரித்தான். கிளேர் சிரிக்கவில்லை. என் நிறையைக் கேட்டு, கையில் இருந்த போனில் ஏதோ தட்டினாள். நீ நகர்ந்ததற்கும் கப்பல் சரிந்துதான் கொடுத்தது, ஆனால் அதை அளக்க உலகத்தில் கருவி இல்லை என்றாள்.

“அப்படியெண்டால் ஒன்றும் இல்லைத்தானே?” என்று கேட்டேன்.

“பா சேரோ,” என்றாள். பூச்சியம் இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரிய கப்பல் எனக்காகச் சரிந்திருக்கிறது! பேக்கரியில் சொன்னேன், நசாருக்குச் சொன்னேன், ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சுகந்தி மட்டும் ம் என்றாள்.

கோடைப்போகம் வெட்டி முடிந்ததும் அவள் வந்தாள். மாரி விதைப்புக்குள் திரும்ப வேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டாள். அவள் இங்கேயே நின்றுவிடுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவளுக்கு. இரண்டு பேரும் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கப்பலை ஒப்படைக்குமுன் வேலைக்காரர்களின் குடும்பங்களை உள்ளே விட்டுக் காட்டுவார்கள். நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்தாள். நான் மாப்பிள்ளைமாதிரி முன்னால் நடந்தேன். நான் தள்ளிய கபின் ஒன்றைத் திறந்து காட்டினேன். பொலித்தீன் இல்லாமல், விளக்கு எரிய, நானே அதை அப்போதுதான் பார்க்கிறேன். தலையணையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கப்பலின் நடுவயிறு திறந்து கிடக்கும். அதற்குள் ஒரு தோட்டம், உண்மையான மரம், உண்மையான கொடி, மேலே ஆகாயம், இரண்டு பக்கமும் மாடி மாடியாக அறைகள். அங்கே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வியப்பை நான் கலியாண வீட்டில்கூடக் கண்டதில்லை. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் குனிந்து பாத்தியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

“இது மண்ணில்லயே,” என்றாள்.

அதுதான் சூட்சுமம் என்று நான் துள்ளினேன். உண்மை மண் நனைந்தால் எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியும்தானே, அத்தனை உயரத்தில் அந்தப் பாரத்தை வைத்தால் கப்பல் தலைகனத்துப் போகும், அதனால் பஞ்சுமாதிரி ஒன்றைச் செய்து மரத்தை ஏமாற்றி வளர்க்கிறார்கள் என்றேன். ஓம், நனஞ்ச மண் பாரம்தான் என்றாள். பிறகு நிறுத்தாமல் கேள்வி கேட்டாள். இதுக்கு சுக்கான் எங்க? சுக்கானே இல்லை, எங்கள் பைபர் போட்டின் பின்னால் தொங்கும் எஞ்சினைக் கையால் திருப்புகிறோமே, அப்படி வீட்டளவு பெரிய எஞ்சின்கள் அடியில் தொங்குகின்றன, முழு வட்டமாகத் திரும்பும் என்றேன். அடியில் நுரைக்குமிழிகளை ஊதி, அந்த நுரையில் கப்பலை வழுக்கவிடுகிறார்கள் என்றேன். எஞ்சின் அறையை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்திருக்கிறார்கள், ஒரு பாதி எரிந்தாலும் மூழ்கினாலும் மற்றப் பாதியால் கரைக்குத் திரும்பிவர வேண்டும், சட்டமே அப்படித்தான் என்றேன்.

“திரும்பி வரவேணும் எண்டு சட்டம் இருக்கா?”

“ஓம்.”

“கப்பலுக்கு,” என்றாள் சுகந்தி.

அவள் குத்திக் கதைக்கவில்லை, வியந்துதான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அப்படிப் பட்டது. அன்று பின்னேரம் ஆற்றோரத்து வாங்கில் குந்திக்கொண்டு, பேச்சை மாற்ற, அந்தச் சரித்துப் பார்த்த கதையை மறுபடி எடுத்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்தபின் என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சேருங்க. இந்தக் கப்பலில நீங்க நகந்தா ஆருக்கும் தெரியாது. பூச்சியமில்ல எண்டு அந்தப் பிள்ள சொன்னது சரி, சந்தோசம். எங்கட தோணில ரெண்டு பேர்தான். நீங்க ஒரு பக்கம் போய் நிண்டுட்டீங்க. இவ்வளவு காலமும் நான் மற்றப் பக்கத்தப் பிடிச்சுக்கொண்டு கிடக்கன். எனக்குக் கை உளையுது.”

வீடு திரும்பியபின் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டுகிற சாட்டில் அழுதேன். இந்தக் கப்பல்களைவிட்டு என்னால் போக முடியுமா என்று தெரியவில்லை. அவளைவிட்டு இருக்க இனி முடியாது என்று மட்டும் தெரிந்தது.

நேற்று ஊரே ஆற்றுச் சுவரில் திரண்டு நின்றது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, நாய்களைப் பிடித்துக்கொண்டு, கட்டியவர்களும் கட்டாதவர்களும். இவான் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சுகந்தியோடு தலைகுனிந்து மரியாதையாகக் கைகுலுக்கினான். நாங்கள் மறுபடி சேர்ந்துவிட்டோம் என்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோசம். கப்பல் ஊதியது, அந்தச் சத்தம் என் விலா எலும்புக்குள் போனது. இழுவைப் படகு தொடாமல், தன் காலால் தானே, நின்ற இடத்தில் மெல்லத் திரும்பியது. அத்தனை பெரியது ஒரு பூனைபோலச் சத்தமில்லாமல் திரும்புவதைப் பார்க்கக் கூட்டம் குதிகாலை உயர்த்தி எக்கி நின்றது. கடல் பக்கமிருந்து ஒரு காற்று அந்தப் பல்கனிச் சுவரில் அடிக்க, அது ஒரு மயிரிழை சரிந்தது. கட்டாந்தரையில் நின்ற நான் மற்றப் பக்கம் ஓரடி வைத்துவிட்டேன். இவான் கண்டுவிட்டுச் சிரித்தான். இங்கிருந்துமா என்று கேட்டான். சிரித்த வாயோடே, ஐந்தாவதின் முதல் துண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டது, திங்கட்கிழமை வந்துவிடு, உனக்கொரு குழு தருகிறேன், நீதான் செஃப் என்றான்.

“நோன்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “நான் வீட்டுக்குப் போகிறேன்.”

விடுமுறைக்கா என்று கேட்டான். இல்லை, வீட்டுக்கு என்றேன். அவன் என்னைப் பார்த்தான், சுகந்தியைப் பார்த்தான். இந்த முறை அவன் ஒன்றையும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் நின்றுவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டான்.

சுகந்திக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நோன் என்றால் வேண்டாம் என்று தெரியும். பேக்கரியில் பை வேண்டுமா என்று கேட்டால் சொல்லப் பழகியிருந்தாள். கப்பல் ஒரு வெள்ளைப் பொட்டாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் கேட்டாள்.

“கவலையாக் கிடக்கா?”

“ஓம்.”

“கவலப்படுங்க,” என்றாள். “அதுக்கென்ன.”

வீட்டுக்கு நடந்தோம். வழி தொட்டியின் ஓரத்தால்தான். அத்தனை நாள் கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தின் அடியில், ஒரேயொரு துண்டு கிடந்தது. பூச்சுப் பூசாத இரும்பு, மேலே வெண்கட்டியால் எழுதிய இலக்கம். ஐந்தாவதின் அடிவயிறு. வாலும் இல்லை, தலையும் இல்லை. அது எப்படி எழும்பும், எந்தத் துண்டு எந்தப் பக்கத்தால் வரும், விலாவில் எங்கே வாசல் விடுவார்கள் என்றெல்லாம் என் கண்ணுக்குள் கட்டிக்கொண்டு போனது. அதை இன்னொருவன் தள்ளுவான். நான் கிரானில் வெள்ளம் வடியக் காத்துக்கொண்டு நின்று, ஒருவரும் நம்பாத கதை சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாமலே என் கால் தொட்டிப் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றது.

சுகந்தி கண்டுவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மற்றப் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றாள்.